பிறந்த இடம்: அட்டன்

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. செகந்திராபாத் சிவில் கோர்ட்டில் வாடகை வழக்கு, பாகப்பிரிவினை, எப்போதாவது ஒரு உயில் என்று காலம் தள்ளியவன் நான். ஆனாலும் ஒரே ஒரு கிரீன் கார்டு வழக்கு நடத்தியிருக்கிறேன். அது கிரீன் கார்டு வழக்குதான் என்று கோர்ட்டில் யாருக்கும் கடைசிவரை தெரியாது.

2015 ஜனவரி. லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். அரக்கோணத்துக்காரர். செகந்திராபாத்தில் நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தும் தெலுங்கைத் தமிழ் மாதிரியே பேசுகிறவர். கையில் சில்கூர் பாலாஜி கோயில் பிரசாதம். விசா வேண்டுகிறவர்கள் அங்கே போய்ப் பதினொரு சுற்றுச் சுற்றுவார்கள். காரியம் முடிந்தால் மறுபடி போய் நூற்றெட்டு. பெரியவர் பதினொன்றை முடித்துவிட்டு நேரே என்னிடம் வந்திருந்தார்.

"பையனுக்கு கிரீன் கார்டு வரலை சார். மருமக பாஸ்போர்ட்ல பொறந்த ஊரை மாத்தணுமாம். அதுக்கு கோர்ட்டு ஆர்டர் வேணுமாம்."

"இப்ப என்ன ஊர் போட்டிருக்கு?"

"குன்னூர்."

"எந்த ஊருக்கு மாத்தணும்?"

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "அதை உங்ககிட்ட மட்டும்தான் சொல்லுவேன்கறான்."

அன்றிரவு டெக்சாஸிலிருந்து போன் வந்தது. மகன் விஷயத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தார். நடுவில் மருமகள் போனை வாங்கி ஒரே வரியில் சொன்னார். "நான் பொறந்தது குன்னூர் இல்ல சார். சிலோன். அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம்."

அதற்கும் கிரீன் கார்டுக்கும் என்ன சம்பந்தம் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது. வேலையின் பேரில் அமெரிக்கா ஆண்டுக்குத் தரும் நிரந்தர வசிப்புரிமை இடங்கள் சுமார் 1,40,000. மனைவி மக்களும் இதற்குள்ளேயே அடக்கம். எந்த ஒரு நாட்டுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இந்தியாவுக்கும் அதே 7, ஐஸ்லாந்துக்கும் அதே 7. அதனால் இந்தியர்களின் வரிசை மட்டும் அனுமார் வால். 2015 தொடக்கத்தில், முதுகலைப் படிப்புக்காரர்களுக்கான இரண்டாம் பிரிவில், 2005-ல் வரிசையில் நின்ற இந்தியர்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவர் மகனின் வரிசைத் தேதி 2013. அவர் மகனுக்கு அப்போது பதினொரு வயது. பிள்ளைக்கு 21 தாண்டினால் அப்பாவின் விண்ணப்பத்திலிருந்து கழன்றுகொள்வான்.

அந்தச் சட்டத்தில் ஒருவர் எந்த நாட்டுக் கணக்கு என்பதைப் பிறந்த இடம் சொல்கிறது, கையிலிருக்கும் பாஸ்போர்ட் அல்ல. இன்னொரு பிரிவும் உண்டு. கணவனும் மனைவியும் வேறு வேறு நாட்டில் பிறந்தவர்களானால், அவர்கள் பிரிந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒருவரை மற்றவரின் நாட்டுக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். மனைவி இலங்கையில் பிறந்தவர் என்றால் கணவரும் இலங்கைக் கணக்கு. இலங்கைக்கு அந்தப் பிரிவில் அப்போது வரிசையே கிடையாது. நாளைக்கே விண்ணப்பிக்கலாம்.

அவர்களுடைய அமெரிக்க வக்கீல் படிவம் நிரப்பும்போது, "இருவரும் இந்தியாவில் பிறந்தவர்கள்தானே?" என்று பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார். மருமகள் பதில் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்துக் கணவரிடம் சொல்லியிருக்கிறார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். அவருக்கும் அப்போதுதான் தெரியும்.

ஏன் மறைத்தார் என்பதற்கு 1964-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு அக்டோபர் 30-ல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 1948-ன் சிலோன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றுப் போன தோட்டத் தொழிலாளர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரைச் சிலோனும் பிரித்துக்கொண்டன. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதி. பாகப்பிரிவினை வழக்கு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கூட்டுக் குடும்பத்துப் பாத்திரங்களைக்கூட நாங்கள் இன்னும் கவனமாகப் பிரிப்போம்.

மருமகளின் அப்பா இந்தியாவின் பங்கில் விழுந்தார். தாய்மாமன் சிலோனின் பங்கு. 1979-ல் அட்டனிலிருந்து தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல், மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே அங்கே அரசு தேயிலைத் தோட்டம் போட்டிருந்தது. இப்படி ஆட்களை ஏற்றிவந்த ரயிலை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். பிளாட்பாரத்தில் நிற்கும் சொந்தமும் ஜன்னலில் இருக்கும் சொந்தமும் கட்டிக்கொண்டு அழுவதால் வந்த பெயர். அந்தக் கோச்சியில் வரும்போது பெண்ணுக்கு நான்கு வயது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பிறந்த ஊர் என்ற இடத்தில் அப்பா குன்னூர் என்று எழுதிவிட்டார். அதுவே பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும், நர்சிங் படிப்பிலும், 2006-ல் செகந்திராபாத்தில் எடுத்த பாஸ்போர்ட்டிலும் தொடர்ந்தது.

முதல் வாரத்திலேயே அவர்களிடம் ஒளிக்காமல் சொன்னேன். இது இரண்டு பக்கமும் கூரான கத்தி. தவறான தகவலின் பேரில் வாங்கிய பாஸ்போர்ட்டை முடக்க 1967-ன் பாஸ்போர்ட் சட்டத்தில் இடமிருக்கிறது. தெரிந்தே பொய்த் தகவல் தந்தால் தண்டனையும் உண்டு. அமெரிக்க விசாப் படிவங்களிலும் இத்தனை காலம் குன்னூர் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், அதற்கும் விளக்கம் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி வேறு. நாடற்றவர்களுக்குச் சிலோனில் பிறந்த பெண் என்று நாமே கோர்ட்டில் எழுதிக் கொடுத்தபின், "அப்படியானால் நீ இந்தியக் குடிமகளா?" என்று எதிர்த்தரப்புக் கேட்டால் என்ன செய்வது? கிரீன் கார்டு தேடப் போய்க் கையிலிருக்கும் குடியுரிமையும் போய்விடக் கூடாது.

"அம்மாகிட்ட ஒரு தகரப்பெட்டி இருக்கு சார்" என்றார் மருமகள்.

அந்தப் பெட்டியைத் திறக்க நானே கோத்தகிரி போனேன். அம்மாள் தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்று மகன் வீட்டில் இருந்தார். கணவர் இறந்து பல வருடம். பெட்டிக்குள் பட்டுப்புடவை, ஒரு வெற்றிலை உரல், பிளாஸ்டிக் பையில் சுற்றிய காகிதங்கள். கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகம் கொடுத்த பாஸ்போர்ட். பிள்ளைகளுக்கான பக்கத்தில் நம் கட்சிக்காரரின் பெயரும் பிறந்த தேதியும். மறுவாழ்வு உதவிக்கான குடும்ப அட்டை. ராமேஸ்வரம் முத்திரை. எல்லாவற்றுக்கும் அடியில், நான்காக மடித்து மடிப்பெல்லாம் கிழிந்துபோன ஒரு தாள். அவர் கணவரை இந்தியக் குடிமகனாகப் பதிவு செய்த சான்றிதழ். ஆண்டு 1973.

மகள் பிறந்தது 1975 நவம்பர்.

வக்கீல்களுக்கு மட்டும் வரும் ஒரு சந்தோஷம் உண்டு. கோத்தகிரிக் குளிரில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் சிரித்ததை அம்மாள் விநோதமாகப் பார்த்தார். 1955-ன் குடியுரிமைச் சட்டம் 4-ஆம் பிரிவு, அன்றைக்கு இருந்தபடி, வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் தகப்பன் அந்த நேரத்தில் இந்தியக் குடிமகனாக இருந்தால் குழந்தையும் வம்சாவளியால் இந்தியக் குடி. தகப்பனே வம்சாவளிக் குடியாக இருந்தால்தான் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். இவர் பதிவால் குடியானவர். ஆகவே அந்த நிபந்தனை ஒட்டாது. தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்த நொடியிலேயே அந்தப் பெண் இந்தியக் குடிமகள். அந்தச் சான்றிதழ் மட்டும் 1976 என்று இருந்திருந்தால் வழக்கை எடுத்திருப்பேனா என்பது சந்தேகம். காகிதம் இல்லாததாலேயே இதே வம்சத்து மக்கள், 1983-க்குப் பிறகு ஓடிவந்தவர்கள், இன்னும் அகதி முகாம்களில் இருக்கிறார்கள். திருச்சி முகாமில் இருந்தவர்களின் குடியுரிமை விண்ணப்பத்தைப் பரிசீலிக்கச் சொல்லி மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019-ல் தீர்ப்பு எழுதியபோது எனக்கு இந்தத் தகரப்பெட்டிதான் நினைவுக்கு வந்தது.

இலங்கையிலிருந்து பிறப்புப் பதிவின் நகலை அங்கேயே தங்கிவிட்ட தாய்மாமன் எடுத்துத் தந்தார். நுவரெலியாவுக்கு மூன்று தடவை நடந்திருக்கிறார். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் தாத்தா அந்த நாட்டில் பிறந்தவரா, எந்த ஆண்டு, எந்த இடம் என்றெல்லாம் ஒரு கட்டம் உண்டு. குழந்தை பிறந்ததற்குத் தாத்தா ஏன் கணக்குச் சொல்ல வேண்டும் என்று அந்த மக்களைக் கேட்டால் அரை நாள் பேசுவார்கள். அந்நிய நாட்டுப் பொது ஆவணத்தை நம் கோர்ட் ஏற்க வேண்டுமானால், அப்போதிருந்த சாட்சியச் சட்டம் 78(6)-இன்படி, நகலைக் கொடுத்தவர் அதற்கு உரிய அதிகாரிதான் என்று இந்தியத் தூதரக அதிகாரி முத்திரையிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கும் தாய்மாமன்தான் கண்டிக்கு அலைந்தார்.

திருத்தம் கேட்டு முதலில் விண்ணப்பம் போட்டோம். நாடே மாறுகிற திருத்தமாக இருப்பதால் நீதிமன்ற ஆணை வேண்டும் என்று பதில் வந்தது. அது சரியான பதில்தான். வழக்குக்கு மூலகாரணம் எழுந்த தேதியும் அந்தப் பதில் வந்த நாளே என்பதால் காலவரையறைக் கேள்வியும் அடங்கியது. ஆனால் வழக்கைத் தாக்கல் செய்வதற்குள் நாங்களே குறுக்கே நின்றோம். தெலங்கானாவுக்குத் தனி உயர்நீதிமன்றம் கேட்டு வழக்கறிஞர்கள் கோர்ட்டைப் புறக்கணித்த வருடம் அது. காலையில் வாசலில் கோஷம், மாலையில் டெக்சாஸுக்குப் போன் போட்டு "இன்னும் கொஞ்ச நாள்" என்று சமாதானம். தனி உயர்நீதிமன்றம் 2019 ஜனவரி 1-ல் வந்தது.

மகனும் மருமகளும் அங்கே இருப்பதால் பெரியவர் பெயரில் பவர் எழுதியிருந்தார்கள். வழக்குரையில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். இனி ஒளிக்க வழியில்லை. மருமகளின் சம்மதத்தோடு வழக்குரையை அவர் முன்னால் வைத்தேன். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். "சிறி லங்கா" என்ற இடத்தில் விரல் நின்றது.

"கல்யாணத்தப்ப குன்னூர்னுதானே சார் சொன்னாங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். இரண்டு வாரம் ஆள் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. மகனிடம் வேறு யார் பெயரிலாவது பவர் மாற்றலாமா என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டேன். பதினைந்தாம் நாள் வந்து உட்கார்ந்து, எந்தப் பேச்சும் இல்லாமல், "எங்க சார் கையெழுத்து?" என்றார். அந்த இரண்டு வாரத்தில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அரசுக்கு எதிரான வழக்குக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு வேண்டும் என்ற 80-ஆம் பிரிவை அவசர மனுவால் தாண்டினோம். பதிலுரையில் நான் பயந்த எல்லாம் இருந்தது. வாதியே கொடுத்த தகவலை வாதியே மறுக்க முடியாது, குடியுரிமை நிரூபிக்கப்படவில்லை, இத்யாதி. நியாயமான எதிர்ப்பு. சாட்சி யார் என்பதுதான் சிக்கல். பவர் வைத்திருப்பவர், பவர் கொடுத்தவரின் சொந்த அறிவில் உள்ள விஷயத்தைச் சாட்சி சொல்ல முடியாது என்று ஜானகி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் 2004-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாதி கூண்டில் ஏறினால் மட்டும் என்ன? தான் பிறந்த இடத்தை எவரும் பார்த்துவிட்டுச் சொல்வதில்லை. பெற்றவள் வர வேண்டும்.

அம்மாளை அழைத்துவரப் பெரியவரே கோயம்புத்தூர் போனார். இருவரும் சபரி எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினார்கள். சம்பந்தியம்மாளின் பையைத் தானே தூக்கிக்கொண்டு, அவருக்கு நான்கடி முன்னால், ஒரு வார்த்தை பேசாமல் நடந்து வந்தார்.

வாய்தா நாளில் எங்கள் வழக்கு மதியத்துக்குத் தள்ளிப்போனது. பெரியவர் எதிரிலிருந்த இரானி ஓட்டலில் சாயா வாங்கிவந்து நீட்டினார். அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் பார்த்தார். "இலையே இல்லீங்க. அம்புட்டும் தூளு." ஐதராபாத்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நாற்பது வருடம் கொழுந்து கிள்ளியவரின் கருத்து அது. பெரியவர் அன்றுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

நீதிபதி தெலுங்குக்காரர். அம்மாளுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். வாதியின் வக்கீல் மொழிபெயர்க்கக் கூடாது. செகந்திராபாத்தில் தமிழ் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. பட்டாளத்தோடும் ரயிலோடும் வந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். கோர்ட் ஊழியர் ஒருவருக்குப் பிரமாணம் செய்து வைத்து நிறுத்தினார்கள்.

மத்திய அரசு வக்கீல் நிதானமானவர். பிறந்த தேதி எப்படி நினைவிருக்கிறது என்று கேட்டார்.

"வெள்ளக்காரக் கம்பெனி தோட்டத்த கவர்மெண்டு எடுத்துக்கிச்சுங்களே, அதுக்கு மறுமாசம். தீவாளி போயி மூணாம் வாரம். பிரட்டுக்குப் போன எடத்துல வலி கண்டுருச்சு."

பிரட்டு என்றால் என்ன என்று மொழிபெயர்ப்பாளர் விழித்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் களம் என்று அம்மாளே விளக்கினார். நான் எழுந்து, இலங்கையில் கம்பெனித் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்ட நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் 1975 அக்டோபரில் வந்தது என்று காட்டினேன். அந்த வருடத் தீபாவளி நவம்பர் முதல் வாரம். பதிவு நகலில் இருந்த தேதி நவம்பர் நான்காம் வாரம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நாள் சொல்லும் இந்த முறையை நான் எந்தக் காகிதத்தைவிடவும் நம்புவேன்.

அடுத்த கேள்வி எதிர்பார்த்ததுதான். பள்ளிக்கூடத்தில் ஏன் குன்னூர் என்று கொடுத்தீர்கள்?

அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நீதிபதியைப் பார்த்துச் சொன்னார். "அங்க கள்ளத்தோணின்னாங்க. இங்க வந்தா சிலோன்காரின்னாங்க. புள்ளைக்காவது ஒரு ஊரு இருக்கட்டும்னு அவுக எழுதிப்புட்டாங்க."

மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார். நீதிமன்றப் பதிவில் ஏறியது இது: "சமூகக் காரணங்களை முன்னிட்டு என் கணவர் ஊர்ப்பெயரை மாற்றிக் கொடுத்தார்."

பிறகு குறுக்கு விசாரணையில் பெரிதாக ஒன்றும் இல்லை. 1973 சான்றிதழைக் காட்டியதும் குடியுரிமைக் கேள்வி நின்றது. லாப நோக்கத்தில் பொய் சொன்னார் என்பதற்கும் ஆதாரம் இல்லை. குன்னூர் என்று எழுதியதால் அவருக்கு எந்தக் காலத்திலும் காலணா லாபமில்லை. அமெரிக்க வக்கீலும் இதே வாதத்தைத்தான் தன் பக்கத்தில் வைத்தார் என்று பின்னால் தெரிந்தது.

2016 பிப்ரவரியில் தீர்ப்பு. வாதி இலங்கையில் அட்டனில் பிறந்தவர் என்று விளம்பி, பாஸ்போர்ட்டில் அவ்வாறே திருத்த உத்தரவு. மேல்முறையீடு இல்லை. ஹூஸ்டன் துணைத் தூதரகத்தில் புதிய பாஸ்போர்ட் வாங்கி, கணவனும் மனைவியும் மகனும் ஒன்றாக விண்ணப்பித்தார்கள். நாட்டுக்கு நாடு ஒரே அளவு என்று விதித்த அந்த அமெரிக்கச் சட்டத்துக்கு வேர் 1965 அக்டோபரில் நிறைவேறிய திருத்தம். சாஸ்திரி கையெழுத்துப் போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. இரண்டு நாடுகள் சேர்ந்து ஒரு பெண்ணை எந்தக் கணக்கில் எழுதுவது என்று முடிவு செய்தன, மூன்றாவது நாடு தன் கணக்கை எழுதியபோது அந்தப் பழைய புள்ளி எப்படியோ அவருக்குச் சாதகமாக விழுந்தது. 2017-ல் மூன்று கார்டுகளும் தபாலில் வந்தன. பெரியவர் சில்கூரில் நூற்றெட்டுச் சுற்றை இரண்டு நாளாகப் பிரித்து முடித்தார். முழங்கால் வலி.

வழக்கு முடிந்த மறுமாதமே கோத்தகிரியிலிருந்து அம்மாள் போன் செய்திருந்தார். கார்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. "ஐயா, என் புத்தகம் எப்ப திரும்பி வரும்?" பழைய பாஸ்போர்ட்டைத்தான் அவர் புத்தகம் என்பார். மேல்முறையீட்டுக்கான 30 நாள் முடிந்தபின், சான்றாவணங்களைத் திரும்பப் பெற மனுப் போட்டேன். நகலை வைத்துக்கொண்டு மூலத்தைத் தர உத்தரவானது. பாஸ்போர்ட், குடும்ப அட்டை, 1973 சான்றிதழ் மூன்றையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் ஒப்புகை அட்டை வந்தது. அதில் பெறுநர் கையெழுத்தின் இடத்தில், பெரிய எழுத்தில், தமிழில் அவர் பெயர் இருந்தது.